தலைவெட்டியின் கேமரா

துணிக்கடைக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷினும் ஒரு முக்காலியும் போட மட்டுமே இடம். அங்கே உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ஜிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லிளித்த ஜிப்பு, பிரிந்து தொங்கும் பேன்ட் விளிம்பு, மூச்சு முட்டும் இடுப்பு எல்லாம் அவளிடம் வந்துதான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். கை அவ்வளவு சுத்தம். வாய் மட்டும் கத்தரி.

"போன தடவையே இடுப்ப விட்டுக் குடுத்தேன், மறுபடியும் வந்து நிக்கிற. துணி சுருங்கிடுச்சுன்னு சொல்லாத. நீ விரிஞ்சுட்ட" என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வீட்டில் அந்தக் கத்தரிக்கு அகப்பட்ட துணி ஒன்றே ஒன்று, அவள் புருஷன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு கம்பி வடத்தையும் கிரீஸையும் பார்த்தே காலம் கழித்த மனிதர். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோது கைக்கு வந்ததில் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பார்த்தால் தாத்தா காலத்துப் பெட்டி. மேலே வெள்ளி, உடம்புக்குக் கறுப்புத் தோல், திருகத் திருக டிக் டிக் என்று சுற்றும் சக்கரங்கள். வேஷம்தான் பழசு, உள்ளே அத்தனையும் டிஜிட்டல். விலையைக் கேட்ட ஜிப்பக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் ஒரு மோட்டார் மெஷினுக்கு எத்தனையோ நாளாக ஏங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆயுசு பூரா இருட்டையே பாத்துட்டேன்டி. இனிமேலாவது நல்லதா நாலு பாக்குறேன்" என்றார் அவர்.

"பாருங்க, பாருங்க. நான் காலால மிதிச்சுக்கிட்டே இருக்கேன்."

அவர் பார்த்த லட்சணம் இருக்கிறதே! கேமராவின் முதுகில் பெரிய திரை இருந்தது. அதை அணைத்து வைத்துவிட்டார். மூலையில் இருந்த குட்டிக் கண்ணாடி ஜன்னலில்தான் கண்ணை ஒட்டவைப்பார். "திரையப் பாத்து எடுக்கறவன் எல்லாம் படக்காரனா?" என்று ஒரு வீம்பு. தூரத்தில் இருப்பது நன்றாகத்தான் விழுந்தது. கிட்டத்தில் எடுத்தால் தலை போய்விடும். எதிர்வீட்டுக் குழந்தைக்கு நெற்றி இல்லை. துணிக்கடை வாசல் காவல்காரருக்கு மீசைக்கு மேல் ஒன்றுமே இல்லை. தெருவே அவருக்குத் தலைவெட்டி என்று பெயர் வைத்தது.

தலை முழுசாக விழுந்த படம் ஒன்று உண்டு. அது ஜிப்பக்காவுடையது. அந்தக் கேமரா சத்தமே போடாது. எடுத்தது எடுக்கப்பட்டவளுக்கே தெரியாது. அறையின் அந்தக் கோடியில் நின்று அவள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது, வாய் கிழிய, கழுத்து நரம்பு புடைக்க, அப்படியே பிடித்துவிட்டார். அதைத் துணிக்கடைக் கட்டடத்தில் மாடி மாடியாக எடுத்துப் போய்க் காட்டினார்.

"ஜிப்பக்காவுக்கே ஜிப்பு பிஞ்சுருச்சு!" என்று காவல்காரர் சொன்னதும் கட்டடமே சிரித்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மறக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கை இல்லை, கால் இல்லை, பேச்சு பாதி. படுத்தே கிடந்ததில் முதுகு புண்ணாகத் தொடங்கியது. மோட்டார் வைத்த காற்று மெத்தை வேண்டும் என்றாள், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா. ஜிப்பக்கா நேரே அலமாரியைத் திறந்து கேமராவை எடுத்தாள். அவருடைய இடது கை எழும்பி, போர்வையின் மேலேயே விழுந்தது.

"முதுகு முக்கியமா, இது முக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பழைய கேமரா வாங்கி விற்கும் கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஜூம் கிடையாதுக்கா. லென்ஸக் கழட்டி மாத்தவும் முடியாது. பேட்டரி அரை நாள் தாங்கினா அதிசயம். ஒரு தூறல் பட்டா ஆட்டம் க்ளோஸ். இதுல இந்த ஜன்னல் வேற, கிட்டத்துல எடுத்தா தலைய வெட்டிடும். அழகப் பாத்து ஏமாந்திருக்காரு உங்க வீட்டுக்காரர்."

அவளுக்கு விலை குறைந்த வருத்தம்கூடத் தெரியவில்லை. மெத்தைக்குக் காணும் அளவுக்கு வந்தது. அதைவிட இந்தப் பேச்சு இனித்தது. அப்படியே சிந்தாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் காதில் ஊற்றினாள். ஜூம் இல்லையாம், பேட்டரி இல்லையாம், அழகுக்கு ஏமாந்தவராம்.

"கடைக்காரனே சொல்றான், நான் சொல்லல."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சு இல்லை. கரண்டி கிட்டே வந்தால் உதடு ஒட்டிக்கொண்டது. மெத்தை வந்து மோட்டார் ஓடியது. மேலே கிடந்த உடம்பு வற்றிக்கொண்டே போனது.

"இப்படியே போனா மனுஷன் தாங்க மாட்டாரு. உங்க மேல கோவமாம்மா?" என்றாள் நர்ஸம்மா.

ஜிப்பக்கா கரண்டியும் கையுமாக உட்கார்ந்தாள். கெஞ்சினாள், அதட்டினாள், மூக்கைக்கூடப் பிடித்துப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை.

நூல் வாங்கப் போனவள் வழியில் அந்தக் கேமராக் கடைக் கண்ணாடிக்குள் கேமராவைப் பார்த்தாள். துடைத்து, விளக்குப் போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளே கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஜூம் இல்லாததுதான் சார் இதோட பெருமை. நம்ம கால்தான் ஜூம். லென்ஸ் மாத்தற மூட்டை கிடையாது, சட்டைப் பையில போட்டுட்டுப் போங்க. கலர் எடுத்தவுடனே ஃபிலிம் மாதிரி இருக்கும். எடுத்தா சத்தமே வராது, எதிர்ல இருக்கறவங்களுக்கே தெரியாது."

கடைசியாகச் சொன்னது நிஜம் என்று ஜிப்பக்காவுக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அப்படியானால் மற்றதும் நிஜம்தானே?

"கிட்டத்துல தலை வெட்டுப்படும்கறாங்களே?" என்றார் வந்தவர்.

"ஜன்னல் மேல இருக்கு, லென்ஸ் கீழ இருக்கு. கிட்டப் போனா அது ஒண்ணப் பாக்கும், இது ஒண்ணப் பாக்கும். முன்னாடி இந்தக் கொக்கிய இழுங்க. லென்ஸ் பாக்கறது அப்படியே ஜன்னலுக்குள்ள வந்துரும். இதுகூடத் தெரியாதவன் கையில குடுத்தா தலை போகத்தான் செய்யும்."

ஜிப்பக்கா உள்ளே போனாள். "தம்பி, அன்னைக்கு என்கிட்ட வேற வாயில பேசுனியே?"

கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டும் பொய் இல்லக்கா. வாங்கும்போது குறை, விக்கும்போது நிறை. நீங்க மட்டும் என்ன, துணியே மட்டம்னு சொல்லித்தானே கூலிய ஏத்துறீங்க?"

"அது கெடக்கட்டும். அவரு சாப்பிட மாட்டேங்கறாருப்பா. ஒருதடவ வந்து நல்ல பெட்டின்னு சொல்லிட்டுப் போ."

"நான் சொன்னா, அப்ப ஏன் அந்த விலைக்கு எடுத்தன்னு கேப்பாரு. நீங்களே சொல்லிடுங்க" என்று அவர் திரும்பிக்கொண்டார்.

வழியெல்லாம் அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கால்தான் ஜூம். மூட்டை கிடையாது. ஃபிலிம் மாதிரி கலர். கொக்கியைப் பற்றி மட்டும் மூச்சு விடக்கூடாது.

ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஏங்க, அது பொக்கிஷமாம். எனக்குத்தான் தெரியல. ஒருத்தரு ஆசையா வாங்கிட்டுப் போறாரு" என்று தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள். சுவரிலிருந்து முகம் மெல்லத் திரும்பியது. கரண்டியை நீட்டினாள். வாய் திறந்தது. ஒரு வாய் இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. ஜிப்பக்காவின் கண் நிறைந்துவிட்டது.

அவர் விழுங்கிவிட்டு, குழறிக் குழறிக் கேட்டார்.

"அப்போ... தலை?"

அது அந்தப் பெட்டியின் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. அதற்கு முன்னால் அந்தப் படம், வாய் கிழிந்து நரம்பு புடைத்த அந்தப் படம், அவள் கண்ணுக்கு எதிரே வந்து நின்றது.

"முன்னாடி ஒரு கொக்கி இருந்துச்சாம். இழுத்திருந்தா போதுமாம். இத்தனை நாளும் உங்க விரலுக்குப் பக்கத்துலயேதான் இருந்திருக்கு" என்றாள்.

போர்வை மேல் கிடந்த இடது கையின் சுட்டு விரல் ஒருமுறை மடங்கி நீண்டது, எதையோ தேடுவதுபோல. பிறகு நின்றுவிட்டது. உதடு ஒட்டிக்கொண்டது.

"ஏங்க. இந்தாங்க, ஒரே ஒரு வாய்."

கரண்டியால் உதட்டைத் தட்டினாள். விலக்கிப் பல்லைத் தட்டினாள். பால் கடைவாயில் வழிந்து மெத்தையில் இறங்கியது. கட்டிலுக்குக் கீழே மோட்டார் காற்றை ஏற்றிக்கொண்டிருந்தது.