ரெண்டரை அடி போறும்

வலியசாலையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி. நீளம் உண்டு, அகலம் கிடையாது. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டுக்காரர்களோடு பங்கு. கொல்லைக் கடைசியில் உயரமான மதில், அந்தப் பக்கம் வழியே இல்லை. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், கல்யாணப் பெண் எல்லாம் தெருவாசல் வழியாகத்தான் வரவேண்டும். போவதானாலும் அதே வழிதான்.

நான் மூன்றாம் கிளாஸ் படித்த வருஷம் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இனி அங்கே செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்னிடம் சொன்னது முதுகுவலி என்று. தெருவாசலைத் தாண்டினதும் உள்ள முன்னறையை நாங்கள் ரேழி என்போம். அங்கே அப்போது ஒரு பெரிய மர அலமாரி நின்றது. அதன் மூலையில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. தூக்கிவந்த ஆட்கள் அதை ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். அம்மா ஒரு சத்தம் போட்டாள். அந்த மாதிரிச் சத்தம் அம்மாவுக்குள் இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

அதே வாரம் சித்தப்பா அந்த அலமாரியைப் பிரித்து, பலகை பலகையாக வெளியே கொண்டுபோய்விட்டார். சித்தப்பா துபாயில் ஒரு பர்னிச்சர் கம்பெனியில் இருந்தவர். அண்ணா தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். கல்யாணம் ஆகவில்லை. வந்த இடத்தில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவருக்கு மனசு வராது. காலியான ரேழியிலேயே சின்னதாக ஒரு பட்டறை போட்டு, சமையலறை அலமாரிகள் செய்துகொடுக்கலாம் என்று தீர்மானித்தார். மரத்தூள் உள்ளே போகாமல் நடுக்கதவைச் சாத்திவிடலாம். அம்மா படுத்திருந்தது வீட்டின் கடைசி அறையில்.

பட்டறைக்கு முக்கியமாக வேண்டியது ஒரு டேபிள் சா. இரும்பு மேசை, அதன் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு சுற்றும் வட்ட ரம்பம். பலகை கோணாமல் ஓடுவதற்கு ரம்பத்துக்குப் பக்கத்தில் நேராக ஒரு சட்டம் இருக்கும், அதற்கு ஃபென்ஸ் என்று பெயர். அந்தச் சட்டத்தை ரம்பத்திலிருந்து எவ்வளவு தூரம் தள்ளிவைக்க முடியுமோ, அவ்வளவு அகலத்துக்குத்தான் பலகை அறுக்கலாம். அது நகர்வதற்கு மேசையின் முன்னால் ஒரு தண்டவாளம். அந்தத் தண்டவாளம் குட்டையாகவும் கிடைக்கும், நீளமாகவும் கிடைக்கும். குட்டை என்றால் இரண்டரை அடி அறுக்கலாம். நீளம் என்றால் நாலடிக்கு மேலேயே போகும், ஆனால் மேசையும் அந்த அளவுக்குப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இந்தக் குட்டையா நீளமா என்பதில் எங்கள் வீடே இரண்டு கட்சியாகிவிட்டது. நான் நீளக் கட்சி. காரணம் சுயநலம்தான். ஒரே பலகையில், ஒட்டுப்போடாமல், எனக்கு ஒரு பெரிய படிப்பு மேசை செய்து தருவதாகச் சித்தப்பா சொல்லியிருந்தார். அப்பாவும் நீளக் கட்சி. விழிஞ்ஞம் துறைமுகத்துப் பக்கம் புதிதாக ஆபீஸ்கள் கட்டிக்கொண்டிருந்த ஒரு கான்ட்ராக்டர், அகலமான கவுண்டர் பலகைகளை அறுத்துக் கொடுக்க முடியுமென்றால் வேலை முழுவதையும் சித்தப்பாவுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் சித்தப்பா காலூன்றிவிடுவார். சாலைக் கடைத்தெருவில் மிஷின் விற்பவரும் எங்கள் கட்சியாகவே இருந்தார்.

"சாரே, நீளம் தன்னே எடுத்தோ. குட்டை எடுத்தா பின்னே வெஷமிக்கும்," என்றார், பின்னால் வருத்தப்படுவீர்கள் என்கிற மாதிரி.

சித்தப்பா பிடிகொடுக்கவில்லை. "ஒரு பிளைவுட் ஷீட்டு நாலடி அகலம். அதைப் பாதியா அறுக்க ரெண்டடி இருந்தாப் போறும். கதவு, தட்டு, இழுப்பறை எதுவும் அதுக்கு மேல வராது. சின்னப் பட்டறைக்கு ரெண்டரை அடி போறும்," என்று எல்லாரிடமும் ஒரே பாட்டைப் பாடினார். தொழில் தெரிந்தவர் சொல்வது மாதிரிதான் இருந்தது. கவுண்டர் பலகை என்றால் மட்டும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சாக்குக்கட்டியால் ரேழித் தரையில் மிஷினை வரைந்தார். நீளத் தண்டவாளம் எதுவரை வரும் என்று ஒரு கோடு, குட்டை எதுவரை என்று இன்னொரு கோடு. நீளக் கோட்டின் மேல் நாற்காலிகளை வரிசையாக வைத்தார். பிறகு உள்ளேயிருந்து நீள பெஞ்சைக் கொண்டுவந்து அம்மாவின் அறை வாசலில் போட்டார்.

"குட்டி, இங்க வா. இதுல நேரா படுத்துக்கோ. ஆடப்படாது, கேட்டியா?"

எனக்குச் சொல்ல வேண்டுமா? படுத்துக்கொண்டேன். கால் தெருவைப் பார்க்கும்படி படுக்கச் சொன்னார். அப்பா முன்னால், சித்தப்பா பின்னால். பல்லக்கில் போவது போல இருந்தது. உத்தரமும் ஒட்டடையும் என் மேலே நகர்ந்தன. ரேழி மூலையில் பெஞ்சு நாற்காலியில் இடித்து நின்றது. திரும்பவில்லை.

"கொஞ்சம் சாய்ச்சுண்டா போயிடுமேடா," என்றார் அப்பா.

"சாய்க்கப்படாது, அண்ணா."

"ஒரு நிமிஷம்தானே."

"சாய்க்கவே படாது," என்றார் சித்தப்பா. அப்பாவிடம் அவர் அப்படிக் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

பெஞ்சை இறக்கிவைத்து நாற்காலிகளைக் குட்டைக் கோட்டுக்குத் தள்ளினார்கள். மறுபடி தூக்கினார்கள். இந்தத் தடவை இடிக்காமல், சாயாமல், மட்டமாகத் தெருவாசல் வரைக்கும் போய்விட்டேன். எதிர்வீட்டு மாமி கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நான் கெஞ்சினேன். அப்பா கிணற்றடிக்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். என்னைத் தூக்கி அவருக்குக் களைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, இனிமேல் கொஞ்சம் குறைத்துச் சாப்பிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அம்மா எல்லாவற்றையும் கட்டிலிலிருந்தே பார்த்திருக்கிறாள். சாயங்காலம் சித்தப்பா கஞ்சி கொண்டுபோனபோது நானும் பின்னால் போனேன்.

"நீளமானதையே வாங்கு," என்றாள் அம்மா.

"வேண்டாம் மன்னி. ரெண்டரை அடி போறும்."

"எனக்குத் தெரியாதா நீ எதுக்குச் சொல்றேன்னு? ஒரு தடவை போறதுக்காக யாராவது பொழைக்கிற மிஷினைக் குறைச்சுப்பாளா? சாய்ச்சுத்தான் எடுத்துண்டு போங்களேன். அப்ப எனக்கு வலிக்கவா போறது?"

சித்தப்பா கரண்டியால் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தார். எனக்கோ ஒரே சந்தோஷம். அம்மாவும் எங்கள் கட்சிக்கு வந்துவிட்டாள். அது மட்டுமில்லை, எங்கேயோ போகப்போகிறாள், அதற்குள் முதுகுவலியும் சரியாகிவிடுமாம்.

"ஆமா சித்தப்பா," என்றேன். "அப்ப அம்மாவுக்கு வலிக்காதே. ஒரு தடவைதானே, சாய்ச்சுக்கலாம்."

அம்மா சிரித்தாள். என்னைக் கிட்டே கூப்பிட்டுத் தலையைத் தடவினாள். அவள் கை சில்லென்று இருந்தது. சித்தப்பா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தோற்றுப்போன கோபம் என்று நான் நினைத்தேன்.

ஆனால் மறுவாரம் சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்தது குட்டைதான். எனக்கு அழுகையாக வந்தது. துறைமுகத்து கான்ட்ராக்டர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல், பிறகு சொல்கிறேன் என்று போனவர் போனவர்தான். அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. சித்தப்பா கிடைத்த சின்ன வேலைகளைச் செய்தார். பூஜை அலமாரி, செருப்பு ஸ்டாண்டு, யாரோ ஒருவருடைய நாய்க்குக் கூண்டு. துபாயில் பெரிய பெரிய ஹோட்டல்களுக்கு மர வேலை செய்தவர் நாய்க்கூண்டுக்கு அளவெடுக்கப் போனதைத் தெருவில் கேலி பேசினார்கள். எனக்கும் படிப்பு மேசை வந்தது, இரண்டு பலகையை ஒட்டினது. ஒட்டு சரியாக நடுவில் ஓடியது. அதன் மேல் நோட்டை வைத்து எழுதினால் பென்சில் முனை அந்தப் பள்ளத்தில் இறங்கிப் பேப்பர் கிழிந்தது. ஒவ்வொரு தடவை கிழிந்தபோதும் அதைச் சித்தப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "சரியாக்கித் தரேன்," என்பார்.

மழைக்காலம் முடியும் முன்னால் அம்மா போய்விட்டாள். அன்று காலையிலேயே என்னை நாலு வீடு தள்ளி ஒரு மாமி வீட்டில் கொண்டுவிட்டார்கள். அவர்கள் டிவியைச் சத்தமாக வைத்து, தட்டு நிறைய முறுக்கு கொடுத்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது வீடு முழுக்கக் கழுவிவிட்டு ஈரமாகக் கிடந்தது. கடைசி அறையில் அம்மாவின் கட்டில் இல்லை. அம்மா எப்படிப் போனாள் என்று நான் பார்க்கவில்லை. சாய்க்காமல் கொண்டுபோனார்கள் என்பதும், ரேழி மூலையில் சித்தப்பா ஒருவர் மட்டும், "மெள்ள, மெள்ள," என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதும் வெகுகாலம் கழித்து எதிர்வீட்டு மாமி சொல்லித் தெரிந்தது.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில், சித்தப்பா ஒரு ஆட்டோவின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டவாளத்தோடு வந்து இறங்கினார். நீளமானது. குட்டையைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினார். ரேழியில் பாதியை மிஷினே எடுத்துக்கொண்டது. உள்ளே போக, வெளியே வர எல்லாரும் உடம்பை ஒருக்களித்து நடக்கவேண்டியிருந்தது. ஆபீசுக்குப் போகும்போது அப்பா தினமும் இடுப்பை இடித்துக்கொள்வார். இடித்த இடத்தைத் தடவிக்கொண்டே படி இறங்கிவிடுவார்.

முதல் பலகையைச் சித்தப்பா எனக்குத்தான் அறுத்தார். ஒரே துண்டு, நடுவில் ஒட்டில்லை. அதைப் பழைய கால்களின் மேல் பொருத்தி, கையால் தடவிப் பார்த்து, "இப்ப எழுதிப் பாரு," என்றார். நானும் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. எனக்குப் பழைய கோபம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"இதை முதல்லயே வாங்கியிருக்கலாமே சித்தப்பா?"

அவர் மரத்தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அப்ப எடம் இல்லியே, குட்டி."

நான் ரேழியைச் சுற்றிப் பார்த்தேன். அதே சுவர், அதே வாசற்படி, அதே ஜன்னல். எதுவும் ஒரு விரற்கடை நகர்ந்திருக்கவில்லை. அன்றைக்கு இல்லாத இடம் இன்றைக்கு எங்கிருந்து வந்தது? சித்தப்பாவுக்குக் கணக்கே வராது என்று நினைத்துக்கொண்டு, புது மேசையில் நோட்டை விரித்து வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.