விடுப்புக்குச் சாட்சி எதற்கு?

ஒரே வாரத்தில் மூன்று முறை என் மேசையின் இடப்பக்கம் இருந்த தேநீரைத் தட்டிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் வேண்டுமென்றே கோப்பையை நகர்த்துகிறார் என்று நினைத்தேன். சந்தேகம் என் பிறவிக் குணம். கண்ணைச் சந்தேகிக்க மட்டும் தோன்றவில்லை.

புனேயின் ஔந்து பகுதியில் என்னைச் சோதித்த மருத்துவர் கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அழிக்கும் நோய்) என்றார். நடுப்பார்வை இருந்தது, இரண்டு ஓரங்களும் போயிருந்தன. "போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றலாம்." நம்பாமல் இன்னொருவரிடமும் போனேன். அவரும் அதையே சொன்னார்.

புனேயில் ஓர் அரசு அலுவலகத்தில், பணியாளர் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தராக இருக்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து விடுப்பில் இருந்தபோது ஒரு மாலை மேலதிகாரி வீட்டுக்கு வந்தார். கையில் ஆப்பிள் பை, கூடவே கணக்குப் பிரிவில் இருக்கும் அவருடைய நண்பர். அன்று மருத்துவமனையில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டிருந்தார்கள். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

"லீவை நீட்டிக்கத்தான் மேடம். இங்கே ஒரு கையெழுத்து," என்றார் மராத்தியில். பேனாவை வாங்கிவிட்டேன். அப்போது நண்பரும் தன் பேனாவைத் திறந்தார்.

"இவர் எதுக்கு, சாஹேப்?"

"சாட்சிக்கு."

விடுப்பு விண்ணப்பத்தில் சாட்சிக்கு இடமே கிடையாது. விருப்ப ஓய்வுப் படிவத்தில் உண்டு.

"பேப்பரை வச்சுட்டுப் போங்க. படிச்சுட்டுத் தர்றேன்."

"உங்க நல்லதுக்குத்தான்," என்றபடி தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆப்பிள்களை விட்டுச் சென்றார்.

"போட்டிருக்கலாம்ல? இன்னும் எத்தன நாளைக்கு லோக்கல் ட்ரெயின்ல தட்டுத் தடுமாறிப் போவ?" என்றார் கணவர். சொட்டு மருந்து விஷயத்தை அதிகாரிக்குத் தொலைபேசியில் சொன்னதும் அவர்தான். வெகுளியாகச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்ற சந்தேகத்தில் இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

அரசுப் பணியில் இருக்கும்போது உடற்குறை வந்தவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபதாம் பிரிவுப்படி அதற்காக உங்களை வேலையைவிட்டு நீக்கவோ பதவி இறக்கம் செய்யவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ உங்களுக்கென்றே ஒரு பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். அலுவலகம் இதை எனக்குச் சொல்லவில்லை.

நானும் ஒருவருக்குச் சொல்லவில்லை. பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த ஓட்டுநர் ஒருவரிடம் அதே படிவத்தை நீட்டி, "உங்க நல்லதுக்குத்தான்" என்று கையெழுத்து வாங்கியவள் நான். அன்று எனக்குச் சட்டம் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

இப்போது பணியில்தான் இருக்கிறேன். கணினியே கோப்புகளை வாசித்துச் சொல்கிறது. ஒரு நிமிடத்தில் பார்த்த பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்தில், முன்பு கண்ணில் படாத வரிகள் எல்லாம் காதில் விழுகின்றன.

சென்ற வாரம் அந்த ஓட்டுநரைத் தேடி, புனேயை அடுத்த ஆகுர்டிக்குப் போனேன். அவருடைய ஓய்வை மறுபரிசீலனை செய்யக் கேட்கும் மனு ஒன்றை எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவருக்குப் பேச்சு இன்னும் குழறுகிறது. என்னை அடையாளம் தெரிந்ததும், அன்று எனக்குக் கையெழுத்துப் போட்ட இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பேப்பரை வச்சுட்டுப் போங்க," என்றார். "படிச்சுட்டுச் சொல்றேன்."

வைத்தேன். தலையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படியைத் தேடி இறங்கினேன். அவர் கதவை உடனே சாத்திக்கொண்டார்.