வேப்பிலை கட்டிய லம்பம்

பூங்காவனத்துக்கு ‘வௌவாலம்மா’ என்று பெயர் வைத்தவன் நான்தான். கோயில் கமிட்டிக் கூட்டத்தில் பத்துப் பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக வைத்தேன். சிரித்தார்கள்.

மலாக்கா நகரின் காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு அவருடையது. கணவர் தம்பிராஜா நகரசபையில் குழாய் வேலை பார்த்தார். வாய் பேசாத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பூங்காவனம் பேசுவார். சமையலும் அப்படித்தான். கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழாமல் அந்த வீட்டில் ஒரு சட்டி இறங்காது. அவர் தாளித்தால் நாங்கள் தும்முவோம். என் மனைவி விஜயா தும்மிக்கொண்டே, “பூங்காவனக்கா வீட்டுல இன்னிக்கி ரசம்” என்பாள்.

ஊருக்கு வெளியே, சைக்கிளில் ஒரு மணி நேரத் தொலைவில், மலாய்க்காரர் ஒருவரின் டுரியான் தோட்டத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். தோட்டத்தின் பின்னால் ஒரு சிறு குன்று. எந்தக் காலத்திலோ சீனர்கள் ஈயம் தோண்டிவிட்டுப் போன லம்பம் ஒன்று அதில் சுரங்கமாக உள்ளே போயிற்று. மனிதர் விட்டுப் போன அந்தப் பொந்தில் ஆயிரக்கணக்கில் வௌவால்கள் குடியேறியிருந்தன.

முதலில் பூங்காவனத்துக்கும் அவற்றைக் கண்டால் ஆகாது. பொழுது சாய்ந்ததும் டுரியான் பூவில் வந்து மொய்க்கின்றன, பூவைக் கெடுக்கின்றன என்று திட்டுவார். தம்பிராஜா உஜோங் பாசிர் மீனவர்களிடம் கிழிந்த வலை ஒன்றை வாங்கிவந்து, தாழ்வான கிளை ஒன்றை மூடிக் கட்டினார். அந்த ஆண்டு பக்கத்துக் கிளையில் பன்னிரண்டு காய். வலை போட்ட கிளையில் ஒன்றுகூட இல்லை. மறு ஆண்டு வேறு மரத்தில் கட்டிப் பார்த்தார்கள். அதே கதைதான். வலையை அவிழ்த்துக் கோழிக்கூண்டுக்குப் போட்டுவிட்டார் பூங்காவனம். அன்றிலிருந்து லம்பத்து வௌவால்களை யார் கல்லால் அடித்தாலும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐம்பத்தேழாம் ஆண்டு எங்கள் கமிட்டிக்குப் பித்துப் பிடித்தது. மெர்டேக்கா வருகிறது, நாடு சுதந்திரமாகிறது, கோலாலம்பூர்க்காரனுக்கு மட்டும்தானா பத்துமலை, மலாக்காத் தமிழனுக்கும் ஒரு குகைக் கோயில் வேண்டும் என்று தலைவர் சேதுராமன் கிளப்பிவிட்டார். சுங்க அலுவலகத்தில் பெரிய கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். கைக்குட்டையில் அத்தர் தடவாமல் வெளியே வரமாட்டார். நானும் ஒரு கிராணிதான், குமாஸ்தா; கமிட்டியில் செயலாளர். அவர் சொன்னதை எழுதுவதும் தலையாட்டுவதும் என் வேலை.

அந்த லம்பத்தைத்தான் கோயிலாக்கப் போகிறார்கள் என்று கேட்டுப் பூங்காவனம் கூட்டத்துக்கே வந்துவிட்டார். பெண்கள் வராத கூட்டம் அது. வாசலிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்துப் பேசினார்.

“கிராணி, நீங்க எழுதிக்குங்க. அதுங்க வந்து பூவ நக்கிட்டுப் போனாத்தான் காய் புடிக்குது. ரெண்டு வருசம் வலை கட்டிப் பாத்துட்டோம். சாமியக் குகை வாசல்ல வைங்க, நானே வந்து கூட்டித் தெளிக்கிறேன். உள்ள மட்டும் பொகை போடாதீங்க. குட்டிங்க செவுத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுங்களுக்குப் பறக்கத் தெரியாது.”

“வௌவால் எச்சத்துல முருகன நிறுத்தச் சொல்றியாம்மா?” என்றார் சேதுராமன்.

“முருகன் இன்னிக்கி வரப்போறவரு. அதுங்க எப்பவோ வந்தது.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “சரி, வௌவாலம்மா. மனு வாங்கியாச்சு, வீட்டுக்குப் போங்க” என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

ஆகஸ்டு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் போனோம். ஈரத் தேங்காய் மட்டையும் கந்தகமும் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோய் உள்ளே கொளுத்தினோம். தாய்கள் வெயிலில் கண் தெரியாமல் வெளியே பாய்ந்தன. காக்கைகள் காத்திருந்து பிடித்தன. சிலர் கைதட்டினார்கள். குட்டிகள் வெளியே வரவில்லை. புகை அடங்கியதும் துடைப்பத்தோடு உள்ளே போனவர்களில் நானும் ஒருவன். தரையெங்கும் கிடந்தன. கட்டைவிரல் அளவுகூட இல்லை, உடம்பில் ரோமமே இல்லை. சில இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் பெருக்கினேன். நாலு சாக்கு நிரம்பியது. சேதுராமன் அத்தர்க் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இப்பத்தான் கோயில் மாதிரி இருக்கு” என்றார். பிறகு எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். நான் தின்றேன். அதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் தின்றேன்.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், ‘குகை சுத்தம் செய்யப்பட்டது’ என்று ஒரே வரி எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

மெர்டேக்கா நாளில் ஊரே பண்டார் ஹிலிர் திடலில் நின்றது. நானும் கொடி பிடித்தேன். எத்தனை முறை கழுவியும் கையில் கந்தக வாடை போகவில்லை. பூங்காவனம் திடலுக்கு வரவில்லை. லாந்தர் எடுத்துக்கொண்டு லம்பத்துக்குள் போயிருந்தார். கடைக்கோடியில், தண்ணீர் சொட்டும் ஒரு கிளைப் பொந்தில், ஐம்பதோ அறுபதோ பிழைத்துக் கிடந்தனவாம். இனி அவ்வளவுதான் மிச்சம்.

செப்டம்பரில் வேல் நாட்ட நாள் குறித்தார்கள். அதற்குமுன் மிச்சமிருப்பதையும் விரட்ட இன்னொரு முறை புகை போட வேண்டும் என்றார் தலைவர். மட்டையும் கந்தகமுமாக மறுபடி கிளம்பினோம். நானும்தான்.

லம்பத்து வாசலில் கொத்துக் கொத்தாக வேப்பிலை கட்டித் தொங்கியது. குறுக்கே ஒரு மஞ்சள் துணி. முன்னால் ஈர மஞ்சள் சேலையோடு, தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு பூங்காவனம் உட்கார்ந்திருந்தார். அம்மை போட்ட வீட்டு வாசல் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

“அம்மா உள்ள எறங்கியிருக்கா. வெளியாள் நுழையக் கூடாது, பொகை ஆகாது” என்றார். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

சேதுராமன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார். அம்மை வார்த்துப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் எங்கள் ஊரில் அப்போது நிறைய. ரெண்டு வருசம் வலை கட்டிப் பார்த்துச் சொன்ன உண்மைக்கு அசையாத கூட்டம், நாலு கொத்து வேப்பிலைக்கு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. நான் சந்தேகப்பட்டேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வௌவால்களுக்கு இரங்கி அல்ல. எனக்கும் பயம்.

தூரத்தில் நின்று தலைவர் கேட்டார். “எத்தன நாளைக்கும்மா?”

“தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும்.”

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் வீட்டுக்குள் ஆள் நுழையலாம், அடுப்பில் தாளிக்கலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த முறை. மாதம் ஒரு முறை கமிட்டியிலிருந்து ஆள் விட்டுக் கேட்டார்கள். “இன்னும் தண்ணி ஊத்தல” என்ற ஒரே பதில்தான் வந்தது. வேப்பிலை வாடினால் புதுக் கொத்து ஏறியது. கடைசியில் கமிட்டி சலித்துப்போய் முருகனின் வேலை ஊருக்குள்ளேயே நாட்டியது.

ஐம்பத்தெட்டில் தோட்டத்தில் பூத்ததெல்லாம் உதிர்ந்தது. கூடை நிறையக்கூடப் பழம் இல்லை. அறுபதில் வௌவால்கள் ஓரளவு பெருகின. அறுபத்தொன்றில் கிளை முறியக் காய்த்தது. அந்தப் பழத்தைச் சுளை சுளையாக விழுங்கிவிட்டு, “எல்லாம் அம்மன் கிருபை” என்றார் சேதுராமன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த மனிதர்மேலும் என்மேலும் ஒரே அளவு அருவருப்பு வந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். பூங்காவனம் இலை போட்டார். சாம்பாரில் கடுகில்லை, ரசம் வெறும் புளித்தண்ணீர். நாலு ஆண்டுகளாக நாங்கள் தும்மவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“ஏம்மா, தாளிக்கிறத விட்டுட்டீங்களா?”

“அம்மா அங்க இருக்கான்னு என் வாயால சொன்னேன்ல, கிராணி. அவ பேரச் சொல்லிட்டு எப்படிப் பொய்யாக்குறது? அங்க இருக்கான்னா, என் வீட்ல தாளிப்பு கெடையாது.”

நான் தலையைக் குனிந்து அந்தச் சோற்றைத் தின்று முடித்தேன்.

அறுபத்துமூன்றில் பூங்காவனம் காய்ச்சல் கண்டு பத்தே நாளில் போய்விட்டார். கருமாதி முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, தம்பிராஜா தனியாக அடுப்படியில் நிற்பதைப் பார்த்தேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. விஜயா கொடுத்தனுப்பிய கடுகும் எண்ணெயும் என் கையில் இருந்தன. ஆறு ஆண்டுகள் அந்த மனிதர் மனைவிக்காக நாக்கை அடக்கியவர்.

“இனிமே தாளிச்சுக்கலாமே, அண்ணே” என்றேன்.

அவர் எண்ணெயை வாங்கவில்லை. மூலையில் சாய்த்திருந்த வேப்பங்கொத்துகளை எடுத்து, சைக்கிளில் கட்ட என்னிடம் நீட்டினார்.

“அங்க இன்னும் தண்ணி ஊத்தலையே, கிராணி.”