போகாத குங்குமக் கறை

எங்கள் ஊர் தம்போயில் நல்ல டோபி கடை எது என்று காலையில் இந்தக் குழுவில் கேட்டிருந்தேன். இனி வேண்டாம்.

வீட்டுக்காரரின் கல்யாணப் பட்டு ஜிப்பா. கல்யாணத்தன்று அம்மா வீட்டிலிருந்து புறப்படும்போது அவர் மேல் சாய்ந்து அழுதேன். என் குங்குமம் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. எத்தனை தடவை ட்ரை கிளீனிங் கொடுத்தாலும் கறை அப்படியே திரும்பி வருகிறது.

இன்று கடைக்கார அக்காவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"ஒரு கறைய எடுக்கத் தெரியலையா? நான் வேற கடை பாத்துக்கறேன்!"

அக்கா சிரித்தார். "அலமாக், ஐயோ, தெரியாமலா? ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டுக்காரர் போன் பண்ணி, 'அந்தக் கறைய மட்டும் தொடாதீங்க'ன்னு சொல்றாருலா."

ஜிப்பாவை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அவர் ஒன்றும் தெரியாதவர்போல, "கறை போகுமாமா?" என்றார்.

"போகவே போகாதாம்" என்றேன்.

இப்படி ஒரு நடிகர் உங்கள் வீட்டிலும் உண்டா?