டாக்டருக்கும் ஒரு நாற்காலி

நாற்காலியைத் துடைத்து, அதன்மேல் இரண்டு தலையணை அடுக்கி, டாக்டர் வீடியோவில் வரும் டேப்லெட்டைச் சாய்த்து வைக்கிறாள் சாவியக்கா. எதிரே குனிந்து நின்று, உட்காரப்போகிறவரின் கண் எங்கே வரும் என்று பார்க்கிறாள். மேல் தலையணையைத் தட்டிச் சரிசெய்கிறாள்.

"மேசையில வச்சா டாக்டரு படுத்துக்கிட்டுக் கதை கேக்குற மாதிரியில்ல இருக்கு? மனசு விட்டுப் பேச வர்றவங்களுக்கு எதிர்ல ஆளு உக்காந்திருக்கணும்."

மனநல மருத்துவமனையில் முப்பது வருஷ ஆயா வேலை. அந்தக் காலத்தில் இடுப்பில் பதினோரு சாவி தொங்கும். சத்தம் கேட்டாலே வார்டு கப்சிப். "ஆண்டவன் நல்ல மருந்தக் கண்ணுல காட்டினான், பூட்டெல்லாம் போச்சு" என்பாள். பட்டப்பெயர்தான் போகவில்லை. போனதில் அவள் ஏங்குவது ஒன்றுக்குத்தான்: பழைய பெரிய டாக்டரின் டீ. வந்தவரோடு சேர்ந்து குடிப்பார். தம்ளர் காலியாகும்வரை நோயைப் பற்றி மூச்சு விடமாட்டார்.

அந்த டீயில் தேறியவர்தான் இன்று வந்திருக்கும் தச்சர். ஒருகாலத்தில் அவரை உள்ளே வைத்துப் பூட்டியதும் இதே அக்காதான். டாக்டர் நேரில் வராமல் திரைக்குள் போனதிலிருந்து இரண்டு மாதமாக அவர் வாய் திறக்கவில்லை. "இன்னிக்கும் பேசலேன்னா வார்டுலதான் சேக்கணும்" என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

அக்கா இரண்டு தம்ளர் டீயோடு வந்தாள். ஒன்று தச்சர் கையில், ஒன்று திரைக்கு முன்னால்.

திரையில் இளம் டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "அக்கா, இத நான் எப்படிக் குடிக்கிறது?"

"உங்க பக்கம் ஒண்ணு போட்டுக்கிட்டு வாங்கம்மா. இவரு தனியாக் குடிக்கமாட்டாரு."

டாக்டரம்மா எழுந்து போய் ஒரு கோப்பையோடு வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உறிஞ்சும் சத்தம் மட்டும். தம்ளரைக் கீழே வைத்த தச்சர் நாற்காலியையே பார்த்தார்.

"கால் ஒண்ணு ஆடுது. டாக்டரம்மா விழுந்துறப் போறாங்க."

பையிலிருந்து பழைய மருந்துச்சீட்டை எடுத்து நாலாக மடித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து காலடியில் செருகினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. எழுந்திருக்காமல் அப்படியே நிமிர்ந்தார்.

"தூக்கம் வரமாட்டேங்குதும்மா."

அக்கா திரைக்கு முன்னால் இருந்த தம்ளரை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வலது கை தன்னால் இடுப்புக்குப் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. தம்ளரை அந்தக் கைக்கு மாற்றி, ஆறிப்போன டாக்டர் டீயை நின்றபடியே குடித்தாள்.