நடு எழுத்து

பழைய பேஸ்பால் பட அட்டையைக் கையில் கொடுத்தால் வெர்னா லிண்ட்குவிஸ்ட் ஆட்டக்காரரின் முகத்தைப் பார்ப்பதில்லை. சட்டென்று திருப்பி, அதன் முதுகை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். இறைச்சிப் பொட்டலத்தோடு வந்த அட்டையில் எழுபது வருடம் கழித்தும் கொழுப்பு வாடை போகாதாம். "மூஞ்சில என்னய்யா இருக்கு? எல்லா மூஞ்சியும் சிரிக்கத்தான் செய்யும். முதுகக் காட்டு" என்பார். கையுறை மாட்டிக்கொண்டு அட்டையைத் தொடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது.

முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வுபெற்ற மறுநாள் யாக்கிமா ஊர் நூலகத்தின் பழைய செய்தித்தாள்களுக்குள் தலையை விட்டவர் இன்னும் வெளியே எடுக்கவில்லை. ஒரு காலத்தில் அந்தந்த ஊர்க் கடைக்காரர்கள் உள்ளூர் பேஸ்பால் அணியின் படங்களைச் சரக்கோடு இலவசமாகக் கொடுத்தார்கள். எந்தப் படத்தை எந்தக் கடை கொடுத்தது என்று துப்புத் துலக்குவதுதான் வெர்னாவின் வேலை. சம்பளம் கிடையாது. எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், "சும்மா இருந்தா முட்டி வலிக்குது" என்கிறார்.

அட்டை சேகரிப்பாளர்கள் அச்சிட்ட பெரிய பட்டியலில் அவர் பெயர் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. 1949, யாக்கிமா அணி, ஏழு அட்டைகள். வெளியிட்டது மோர்கன் பால்பண்ணை. கண்டறிந்தவர் வெர்னா லிண்ட்குவிஸ்ட். அட்டைகளின் முதுகில் நீல மையில் ஒரு வளைந்த கோடு உண்டு. அது பசுவின் வால் என்று அவர் தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு விதமாக வளைகிறதே என்றால், பசு வாலை ஆட்டாமல் என்ன செய்யும் என்று மடக்குவார்.

ஏழில் ஆறு அவரிடம். மீதி ஒன்று டுவேன் ப்ரூயட்டிடம். ஆப்பிள் கிடங்கில் மேஸ்திரியாக இருந்தவர். சனிக்கிழமை அட்டைச் சந்தையில் வெர்னாவுக்குப் பக்கத்து மேசைக்காரர். "பசுவாவது வாலாவது" என்று சொன்ன ஒரே ஆள். அதற்கு வெர்னா, ஆப்பிளுக்கே முதுகு எது வயிறு எது என்று தெரியாதவர் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பதினோரு வருடமாக டுவேன் தன் அட்டையை நான்கு திருகாணி போட்ட கண்ணாடிக்குள் வைத்து, முகத்தை மட்டும் காட்டுகிறார்.

போன மாதம் வெர்னா முதியோர் இல்லத்தில் ஆர்வில் டிபெட்ஸ் என்பவரைப் பார்க்கப் போனார். பால் வண்டி ஓட்டியவர் என்று கேள்வி. ஆனால் அவர் இளவயதில் ஓட்டியது சலவைக்கடை வண்டி. அட்டையைக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தார். "இது சட்டை மடிப்புக்குள்ள வைக்கிற அட்டைம்மா. எங்க முதலாளி மோர்டனுக்குப் பந்தாட்டப் பைத்தியம். ஒரு அட்டைல ஏழு படத்த ஒட்டி, ஏழா வெட்டி, துணி மூட்டைக்கு ஒண்ணு போடுவோம். பின்னாடி நீலமா இருக்கே, அது வெட்டுப்பட்ட கடைப் பேரு."

வீட்டுக்கு வந்து ஆறையும் கவிழ்த்து வரிசையாக அடுக்கினார். வால்கள் எழுத்துகளாயின. முதலில் 'மோர்' என்று படித்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் தேய்ந்துபோன 'ன்'. மோர்கனா, மோர்டனா? நடு எழுத்து டுவேனிடம் இருந்தது.

கிழவர் சொன்னது வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அச்சில் ஏறிய பெயர் அப்படியே நிற்கும். மூன்று நாள் அப்படித்தான் இருந்து பார்த்தார்.

சனிக்கிழமை ஆறு அட்டைகளையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு டுவேனின் மேசைக்குப் போனார்.

"திருகாணியக் கழட்டு, டுவேன்."

"என்ன, பசுவக் கறக்க வந்தியா?"

"கறக்கிறதா துவைக்கிறதான்னு பாக்க வந்தேன்."

ஆர்வில் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். டுவேன் கேலி பேசவில்லை. "இது பொருந்திச்சுன்னா உன் வரி போயிரும், வெர்னா" என்றார் மெதுவாக.

"தெரியும். கழட்டு."

நான்கு திருகாணிகளும் கழன்றன. வெர்னா தன் ஆறையும் கவிழ்த்து, நடுவில் இடம் விட்டு வைத்தார். டுவேன் தன் அட்டையை அந்த இடத்தில் தள்ளினார். கோடுகள் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. மோர்டன்.

வெர்னாவுக்கு வருத்தம் வரும் என்று அவரே நினைத்திருந்தார். வந்தது சந்தோஷம். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த அட்டைகள் எங்கே பிறந்தன என்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பட்டியலைப் பிரித்து, தன் பெயரோடு அந்த வரி முழுவதையும் ஒரே கோடாக அடித்தார். பிறகு பேனாவைத் திருப்பி, புது வரியை எழுத டுவேன் பக்கம் நீட்டினார்.