முட்டை அட்டைக்குள் ஒரு கும்மி

தீப்பெட்டி அளவுதான் இருந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துக் காட்டியபோதே எனக்குக் கை பரபரத்தது. பாட்டுப் பாடும், வேறொன்றும் செய்யாது. யாரும் அதில் கூப்பிட முடியாது! நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் போனில் எந்தப் பாட்டும் முழுசாக ஓடியதில்லை. பாதியில் முட்டை வியாபாரி கூப்பிட்டுவிடுவார்.

வாங்கியது வள்ளி கும்மி ஆட்டத்துக்காக. ஊர்ப் பெண்களெல்லாம் கற்றுக்கொள்ளப் போக, நானும் போய்ச் சேர்ந்திருந்தேன். வாத்தியார் பாடியதை அதில் ஏற்றிக்கொண்டு, கூண்டு வரிசைகளுக்கு நடுவே முட்டை எடுத்தபடியே ஆடிப் பழகினேன். வயரைக் காதில் மாட்டிக்கொண்டால் பாட்டு எனக்கு மட்டும்தான் கேட்கும்.

"ஏம்புள்ள, சத்தமே இல்லாம நீ ஆடறதப் பாத்து கோழியெல்லாம் மெரளுது" என்பார் என் வீட்டுக்காரர்.

குறை இல்லாமல் இல்லை. பொத்தான்கள் கடுகளவு, ஒன்றை அழுத்தினால் இரண்டு அமுங்கும். திரையும் கிடையாது. வேண்டிய பாட்டு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எனக்கு வேண்டியதோ மூன்றாவது பாட்டு. அதில் எல்லாரும் வலப்பக்கம் திரும்பும்போது நான் மட்டும் இடப்பக்கம் திரும்பிப் பக்கத்தில் ஆடுபவரை இடிப்பேன். "அரங்கேத்தத்துலயும் இப்படித் திரும்புறதுன்னா, கடைசி வரிசைக்குப் போயிருங்க" என்றுவிட்டார் வாத்தியார். முன்வரிசையை விட எனக்கு மனசே இல்லை.

அரங்கேற்றத்தன்று காலையில், இஞ்சின் இரைந்துகொண்டிருந்த லாரியில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் போன் அடித்தது. காது வயரைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பெட்டியை எதிரே இருந்த முட்டை அட்டையில் ஒரு காலிக் குழியில் வைத்தேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. பேசி முடித்துத் திரும்பினால் அட்டையும் இல்லை, லாரியும் இல்லை! அட்டை மேல் அட்டை அடுக்கி, கயிறு கட்டி, கேரளாவுக்குக் கிளம்பியிருந்தது.

டிரைவரைக் கூப்பிட்டேன். பள்ளிபாளையத்தில் டீக்கு நிறுத்தியிருந்தார்.

"அக்கா, நானே கூப்பிடோணும்னு இருந்தனுங்க. இஞ்சினை நிறுத்துனா முட்டைக்குள்ள இருந்து பாட்டுச் சத்தம் வருதுங்க!"

வயரைப் பிடுங்கினால் அந்தப் பெட்டி வெளியே கேட்கும்படி பாடும். ஆனால் அடுக்கைப் பிரித்து எடுக்க வழியில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் அரங்கேற்றம், மூன்றாவது பாட்டுக்கு ஆடிப் பார்க்க வேறு வழியில்லை என்று விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்குப் போயி அழுவாங்களா? போனை அட்டைகிட்ட வெக்கறனுங்க. நீங்க ஆடுங்க."

எந்த போனுக்குத் தப்பிக்க அதை வாங்கினேனோ, அதே போனைத் தீவனச் சாக்கின் மேல் வைத்துவிட்டு நின்றேன். முதல் பாட்டு மறுபடி தொடங்கி, இரண்டாவதும் முடிந்தது. டிரைவர் இன்னொரு டீ சொல்வது கேட்டது. மூன்றாவது வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினேன். திரும்பும் இடத்தில் பார்த்தால், எனக்கு வலப்பக்கமாக வீட்டுக்காரர் வந்து நின்று தாளம் தட்டிக்கொண்டிருந்தார். "இங்க பாரு புள்ள, இந்தப் பக்கம்!" என்றார். அவரைப் பார்த்துத் திரும்பினேன். சரியாக இருந்தது! சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். கோழிகள் அப்போதுதான் நிஜமாக மிரண்டன.

சாயங்காலம் கோயில் மைதானத்தில் முன்வரிசையில் நின்றேன். மூன்றாவது பாட்டு தொடங்கியது. திரும்பும் இடம் வந்தது. கூட்டத்தில் எனக்கு வலப்பக்கமாக இடம் பார்த்து வீட்டுக்காரர் நின்றிருந்தார். ஆனால் தாளம் தட்டவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போனைப் பிடித்திருந்தார். படம் எடுக்கிறாராக்கும் என்று நினைத்துக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

ஆடி முடித்து மூச்சு வாங்க அவரிடம் ஓடினேன். போனை என் காதில் வைத்தார்.

போகிற வழியில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, மறுமுனையில் டிரைவர் காத்திருந்தார். "அக்கா, பாட்டு பூராவும் கேட்டனுங்க. சரியாத் திரும்புனீங்களா?"